மூன்று கத்திகளும் ஒரு கல்லும்

வத்தலக்குண்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல் ஒன்று உண்டு. நல்ல கருங்கல். அதன் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் குழிந்து வழவழவென்று இருக்கும். அது தண்ணீர் அரித்த குழி அன்று. கத்தி தேய்த்த குழி. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுக் கத்தியும் அரிவாளும் அந்த ஓரத்தில்தான் தீட்டப்படுகின்றன.

இந்தக் கல்லை வைத்து உங்களுக்கு ஒரு புதிர் போடுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று கத்திகள் இருக்கின்றன. முதலாவது, கொல்லர் அடித்துக் கொடுத்த கறுப்புக் கத்தி. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வெட்டி, உலையில் காய்ச்சி அடித்தது. தென் மாவட்டங்களில் அரிவாளும் கத்தியும் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. இரண்டாவது, பாத்திரக் கடையில் வாங்கிய பளபளப்பான எவர்சில்வர் கத்தி. மூன்றாவது, பட்டறைகளில் இரும்பு அறுக்கும் இயந்திர ரம்பத்தின் உடைந்த பிளேடைத் தேய்த்து, மரப்பிடி போட்டுச் சந்தையில் விற்ற கத்தி.

கறுப்புக் கத்தியை அந்தக் கல்லில் இருபது தடவை இழுத்தால் போதும். தக்காளியின் தோல் தானாக விலகும். ஒரு வாரம் சமையல் செய்தால் மறுபடி கல்லுக்கு வந்துவிடும். எவர்சில்வர் கத்தியைத் தீட்டினால் கூர் வந்தது போலவே இருக்கும். மறுநாள் காலையில் அது இருந்த இடம் தெரியாது. ரம்பக் கத்தியோ கல்லுக்கு மசிவதே இல்லை. நூறு தடவை இழுத்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் சாணை பிடிப்பவரிடம் ஒருமுறை கூர் ஏற்றிவிட்டால் மாதக் கணக்கில் நிற்கும்.

கல் ஒன்று, தீட்டும் கையும் ஒன்று. மூன்று கத்திகளும் மூன்று விதமாக நடந்துகொள்வது ஏன்?

முதலில் கூர் என்றால் என்ன என்று பார்ப்போம். கத்தியின் இரண்டு பக்கங்களும் சாய்ந்து வந்து ஒரு கோட்டில் சந்திக்கின்றன. கணக்குப் புத்தகத்தில் கோட்டுக்கு அகலம் இல்லை. கத்தியில் உண்டு. நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்பு ஏறத்தாழ 1 மைக்ரான் அகலம் இருக்கும் என்று கொள்ளுங்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் சுமார் 70 மைக்ரான் பருமன். இப்போது கத்தியின் 2 சென்டிமீட்டர் நீளம் கத்தரிக்காயின் மீது படும்படி வைத்து, ஒரு கிலோ எடையுள்ள விசையால் அழுத்துகிறீர்கள். விசையைத் தாங்கும் பரப்பு 2 × 0.0001, அதாவது 0.0002 சதுர சென்டிமீட்டர். ஆகவே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5,000 கிலோ! விளிம்பு மழுங்கி 10 மைக்ரான் ஆகிவிட்டால் அதே விசை 500 கிலோ அழுத்தத்தைத்தான் தரும். பழைய அழுத்தம் வேண்டுமென்றால் பத்து மடங்கு பலம் போட வேண்டும். அந்தப் பலத்தோடு கத்தி வழுக்கினால் அடுத்துப் போகும் இடம் விரல். கூரான கத்தியைவிட மழுங்கிய கத்தியே ஆபத்தானது என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் இந்த வகுத்தல் கணக்கில் இருக்கிறது.

கத்தி எப்படி மழுங்குகிறது? எஃகைவிடக் கத்தரிக்காய் எவ்வளவோ மென்மையானது. மயிரும் அப்படியே, சவர பிளேடின் எஃகு அதைவிடச் சுமார் 50 மடங்கு கடினமானது. ஆனாலும் பிளேடு சில நாட்களில் மழுங்கிவிடுகிறதே! அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் மயிரைச் சவரம் செய்து இதைக் கவனித்தார்கள். அவர்களுடைய கட்டுரை 2020-இல் வெளிவந்தது. பிளேடு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வட்டமாவதைவிட, விளிம்பில் ஏற்கெனவே பலவீனமான இடங்களில் மயிர் சாய்வாக மோதும்போது மிக நுண்ணிய சில்லுகள் பெயர்வதே அவர்கள் கண்ணில் பட்டது. சமையலறைக் கத்திக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. மென்மையான எஃகாக இருந்தால் விளிம்பு உடையாமல் மடங்கிவிடும். இரண்டாவது, அரிப்பு. எலுமிச்சையின் அமிலமும் வாழைப்பூவின் கறையும் கறுப்புக் கத்தியின் இரும்பைத் தின்னும். கத்தி கறுத்துப்போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். விளிம்பு ஒரு மைக்ரான்தானே. அங்கே கொஞ்சம் கரைந்தாலும் கூர் போய்விடும்.

இனி எஃகுக்குள் நுழைவோம். தூய இரும்பு மென்மையானது. அதில் கத்தி செய்ய முடியாது. அதில் சிறிதளவு கார்பன் சேர்ந்தால் எஃகு. ஸ்பிரிங் பட்டையில் இருக்கும் கார்பன் நூற்றுக்குச் சுமார் 0.6 பங்குதான். இந்தச் சிறு அளவு செய்யும் வேலை பெரிது. ஆனால் அதை வேலை செய்ய வைப்பது நெருப்பு.

கொல்லர் உலையை அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். கத்தியைச் செக்கச்செவேல் என்று காய்ச்சுகிறார். ஏறத்தாழ 800 டிகிரி சென்டிகிரேடு. (770 டிகிரியை நெருங்கும்போதே இரும்பு காந்தத்தில் ஒட்டும் குணத்தை இழந்துவிடும், காந்தத்தைக் காட்டிச் சூட்டை அறியும் கொல்லர்களும் உண்டு.) அந்தச் சூட்டில் இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, கார்பன் அணுக்கள் இடையிடையே புகுந்து கரைந்துவிடும். உடனே தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்கிறார். இதுதான் தோய்ச்சல். மெதுவாக ஆறவிட்டால் கார்பன் வெளியேறி ஒதுங்கியிருக்கும். தோய்ச்சலில் அதற்கு நேரமே இல்லை. உள்ளேயே சிறைப்பட்டு, அணு அடுக்கை இறுக்கி இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இப்படி உண்டாகும் கடினமான அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். ஜெர்மானிய உலோகவியலாளர் அடால்ப் மார்ட்டென்ஸின் நினைவாக வைத்தது.

கடினம் வந்துவிட்டது, ஆனால் கத்தி இப்போது கண்ணாடி மாதிரி. கல்லில் மோதினால் தெறிக்கும். ஆகவே மறுபடி கொஞ்சம் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். எவ்வளவு சூடு? கொல்லரிடம் வெப்பமானி இல்லை, நிறம் இருக்கிறது. அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுச் சூடேற்றினால், மேலே படியும் மிக மெல்லிய ஆக்சைடு படலம் சோப்புக் குமிழி போல நிறம் காட்டும். 220 டிகிரி அளவில் வைக்கோல் நிறம். 255-இல் பழுப்பு. 275-இல் கத்தரிப்பூ நிறம். 300-ஐ நெருங்கும்போது நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் காய் நறுக்கும் கத்தி. அடி தாங்க வேண்டிய அரிவாளாக இருந்தால் இன்னும் மேலே போக விடுவார். கடினத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முறியாத் தன்மையை வாங்குகிறார்.

இந்த நீல நிறம் எங்கள் வீட்டில் ஒரு விரலைக் காவு கேட்டது. சித்தப்பாவின் அரிவாள் நன்றாக மழுங்கியிருந்தது. ஒரு பட்டறையில் கொடுத்து மின்சாரச் சாணையில் பிடித்து வாங்கி வந்தார்கள். பொறி பறக்கப் பறக்கப் பிடித்தார்கள். ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. வாயோரம் முழுக்க மயில்கழுத்து நிறத்தில் ஒரு கோடு ஓடியது. அழகாக இருக்கிறதே என்று நாங்கள் பேசிக்கொண்டோம்! அலகின் விளிம்பு மெல்லியது. சாணைச் சக்கரத்தில் பிறக்கும் சூடு போக இடமில்லாமல் அங்கேயே தேங்கும். 300 டிகிரியைத் தாண்டிவிட்டால் கொல்லர் வைத்த பதம் போயிற்று. பிறகு தண்ணீரில் முக்கினாலும் பழைய கடினம் திரும்பாது. அரிவாள் நான்கு இளநீருக்குக்கூட நிற்கவில்லை. ஐந்தாவதில் சித்தப்பா பலம் போட்டு ஓங்கினார். மழுங்கிய வாய் மட்டையில் வழுக்கியது. அவருடைய இடது கட்டைவிரல் நகம் இன்றும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. நீலம் பட்ட பகுதியை முழுவதும் மெதுவாகத் தேய்த்து நீக்கிய பிறகே அரிவாள் வழிக்கு வந்தது.

சைக்கிளில் சக்கரத்தைப் பூட்டி மிதித்துச் சாணை பிடிப்பவரைக் கவனியுங்கள். அலகை ஒரே இடத்தில் நிறுத்தமாட்டார். தொட்டும் தொடாமலும் இழுத்துக்கொண்டே இருப்பார். விரலால் சூடு பார்ப்பார். உலோகவியல் பாடம் படிக்காமலே பதத்தைக் காப்பாற்றுகிறவர் அவர்.

இரண்டாவது கத்திக்கு வருவோம். இங்கிலாந்தில் கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஊர் ஷெப்பீல்டு. அங்கே ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் எளிதில் அரிக்காமலிருக்க எஃகில் குரோமியம் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1913 ஆகஸ்டில் அவர் வார்த்த எஃகில் குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24 சதவீதம். இது துருப்பிடிக்கவில்லை. மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத போர்வையாகப் படிந்து, கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொண்டது. சாப்பாட்டு மேசைக் கத்திக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பிரியர்லி நினைத்தார். ஷெப்பீல்டு கத்திக்காரர்களுக்கோ முதலில் இதைக் காய்ச்சவும் தீட்டவும் கை வரவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள்.

உங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டாது. கத்தியில் வையுங்கள், ஒட்டிக்கொள்ளும். இரண்டும் எவர்சில்வர்தான், ஆனால் வேறு வேறு எஃகு. தட்டின் எஃகைத் தோய்ச்சலால் கடினப்படுத்த முடியாது. கத்தியின் எஃகை முடியும். எந்த அளவுக்கு என்பது கார்பனைப் பொறுத்தது. மலிவான கத்தியில் கார்பன் குறைவு, கடினமும் குறைவு. அதைக் கல்லில் தேய்த்தால் எஃகு நறுக்கென்று அறுபடாமல் விளிம்பைத் தாண்டி மெல்லிய தகடாக நீண்டுகொண்டே போகும். இதற்குப் பிசிறு என்று பெயர். பிசிறு கூராகவே இருக்கும்; தாளைக்கூட அறுக்கும். ஆனால் இரண்டு வெங்காயம் நறுக்கினால் மடங்கிவிடும். நான் முதலில் சொன்ன மறுநாள் காணாமற்போகும் கூர் இதுதான். கத்தி தீட்டுப்படவில்லை என்பதல்ல, பிசிறு நீங்கவில்லை.

மூன்றாவது கத்தியின் கதை நேர் எதிரானது. இரும்பை அறுக்கும் ரம்பம் அறுக்க அறுக்கச் சூடேறும். சித்தப்பாவின் அரிவாள் போல அது பதம் இழந்தால் பட்டறை வேலை நின்றுபோகும். அமெரிக்காவில் டெய்லர், ஒயிட் என்னும் இருவர் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இதற்கு வழி கண்டார்கள். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அவர்களுடைய உளி, முனை சிவக்கச் சிவக்க எஃகைக் கடைந்து காட்டியது. உயர்வேக எஃகு என்பது இதன் பெயர், கடைத்தெருவில் ஹெச்.எஸ்.எஸ். என்பார்கள். பிற்காலத்தில் புகழ்பெற்ற வாய்ப்பாடு 18-4-1: டங்ஸ்டன் 18 சதவீதம், குரோமியம் 4, வனேடியம் 1. 600 டிகிரி வரை சூடேறினாலும் கடினம் பெரிதாகக் குறையாது.

இந்த உலோகங்கள் கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்னும் சேர்மங்களாகின்றன. எஃகுக்குள் அவை எப்படி இருக்கும்? கான்கிரீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுக்கு நடுவே ஜல்லி பரவிக் கிடப்பது போல, மார்ட்டென்சைட்டுக்கு நடுவே கார்பைடு துகள்கள். வெட்டும்போது தேய்மானத்தை இந்த ஜல்லி தாங்கிக்கொள்ளும். தீட்டும்போதும் அதே ஜல்லிதான் எதிர்த்து நிற்கும்!

கார்பைடு நிறைந்த எஃகு நம் நாட்டுக்குப் புதிதல்ல என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் அகழ்வாராய்ச்சி செய்தபோது, மூசையில் எஃகு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. தென்னிந்திய மூசை எஃகில் கார்பன் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் வரை இருந்தது. ஐரோப்பியர் அதை ஊட்ஸ் என்றார்கள். கன்னடத்தில் உக்கு, தமிழில் உருக்கு. அந்தச் சொல்லின் திரிபே ஊட்ஸ் என்பது பலர் கருத்து. லண்டனில் அறுவைக் கத்தி செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இதை ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட விரும்பினார். அவரோடு சேர்ந்து இதன் இரகசியத்தை ஆராய்ந்து 1820-இலும் 1822-இலும் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? மின்காந்தத் தூண்டலுக்காக நீங்கள் படிக்கும் மைக்கேல் பாரடேதான். அவர் ஒரு கொல்லரின் மகன்.

இனிப் புதிரை விடுவிக்கலாம். ஒரு பொருளின் கடினத்தை அளக்க, வைரத்தாலான பிரமிடு வடிவ முனையை அதன் மீது அழுத்தி, விழும் குழியை அளக்கிறார்கள். குழி சிறிதானால் எண் பெரிது. இது விக்கர்ஸ் அளவு. எங்கள் கறுப்புக் கத்தி போன்றவற்றுக்கு இந்த எண் சுமார் 600 முதல் 650. துவைகல்லில் இருக்கும் மிகக் கடினமான பொருள் குவார்ட்ஸ். நம் வெங்கச்சங்கல்லும் அதுவே. அதன் எண் சுமார் 1,000. ஆகவே கல் கத்தியை அறுக்கிறது. பனையேறிகள் மரப்பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி அரிவாளைத் தீட்டுவார்களே, அதுவும் இதே கணக்குத்தான். ரம்பக் கத்தியிலோ சிமெண்டின் எண்ணே 800-ஐத் தொடும். டங்ஸ்டன், குரோமியம் கார்பைடுகள் 1,500-க்கும் மேல். வனேடியம் கார்பைடு 2,500-ஐத் தாண்டும். குவார்ட்ஸ் என்ன செய்யும், பாவம்! ஜல்லியைத் தொட முடியாமல் சிமெண்டைச் சுரண்டிவிட்டு, தானே தேய்ந்து வழவழப்பாகிவிடும்.

அப்படியானால் 1,500-ஐ மிஞ்சும் கல் வேண்டும். இயற்கையில் அத்தகையது ஒன்று உண்டு: அலுமினியம் ஆக்சைடாலான குருந்தம். எண் சுமார் 2,000. சிவப்பாயிருந்தால் அதுவே மாணிக்கம், நீலமாயிருந்தால் நீலக்கல். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் குருந்தம் கிடைக்கிறது. ஆங்கிலேயர் இதைக் கொரண்டம் என்று சொல்வது நம் குருந்தத்திலிருந்து போன சொல்லே. 1891-இல் அமெரிக்கர் எட்வர்டு ஆச்சசன் செயற்கை வைரம் செய்ய முயன்று, தற்செயலாகச் சிலிக்கான் கார்பைடைப் பெற்றார். எண் சுமார் 2,500. அதைக் கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று தவறாக எண்ணிக் கார்பொரண்டம் என்று பெயரிட்டார். இன்று எந்த ஹார்டுவேர் கடையிலும் கார்பொரண்டம் கல் கிடைக்கும். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். பெயருக்குள் ஒரு தமிழ்ச் சொல் ஒளிந்திருப்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

கல் இருந்தால் போதாது. சாய்வு மாறாமல் இழுக்க வேண்டும். உங்கள் கத்தியின் அகலம் 4 சென்டிமீட்டர் என்றால், 15 டிகிரி சாய்வுக்கு முதுகை எவ்வளவு தூக்குவது? சைன் 15° என்பது 0.26, நான்கால் பெருக்கினால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். கல்லை ஈரத்துணி மீது வைத்து நகராமல் செய்து, தண்ணீர் தெளித்து, சொரசொரப்பான பக்கத்தில் ஒரே புறத்தை இழுங்கள். எதிர்ப்புறத்தில் பிசிறு தட்டும் வரை நிறுத்தாதீர்கள். முதுகிலிருந்து வாயை நோக்கி நகத்தை மெல்ல வழுக்கினால் அது தெரியும். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டக் கூடாது. பிறகு மறுபுறம். பிறகு நைஸ் பக்கத்தில், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே, மாற்றி மாற்றி. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் வாய் பின்னால் வரும்படி பத்துத் தடவை. எவர்சில்வர் கத்திக்கு இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். முதல் முறை பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை அளக்கவும் முடியும். சமையலறை மின்னணுத் தராசின் மேல் கனமான டம்ளர் ஒன்றை வையுங்கள். அதன் வாய்க்குக் குறுக்கே தையல் நூலை விறைப்பாக இழுத்து, இரு முனைகளையும் டம்ளரின் பக்கங்களில் ஒட்டுங்கள். தராசைச் சுழிக்குக் கொண்டுவந்து, கத்தியை நூலின் மேல் நேராக வைத்து, இழுக்காமல் மெதுவாக அழுத்துங்கள். நூல் அறும் கணத்தில் தராசு காட்டும் கிராம்தான் உங்கள் கத்தியின் மதிப்பெண். எண் குறையக் குறையக் கூர் அதிகம். கணம் தவறிவிடும் என்பதால் நண்பர் ஒருவரைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கண்டிலிருந்து நூல் எடுக்க வேண்டும். ஐந்து முறை அளந்து சராசரி காணுங்கள். தீட்டியவுடன் ஒன்று, அதன் பிறகு பத்து நாட்களுக்குத் தினம் ஒன்று என்று எழுதி வரைபடம் போடுங்கள்.

எங்கள் வீட்டு வரைபடத்தில் எவர்சில்வர் கத்தியின் கோடு இரண்டாம் நாளே செங்குத்தாக ஏறியது. பெல்ட்டில் பிசிறு நீக்கிய பிறகு ஐந்து நாள் தாங்கியது. ரம்பக் கத்தியின் கோடு தரையோடு படுத்தேயிருக்கிறது. ஆனால் கை தவறி ஒருநாள் சிமெண்டுத் தரையில் விழுந்ததில் நுனி ஒரு சென்டிமீட்டர் முறிந்துவிட்டது. அதற்கென்று கார்பொரண்டம் கல் ஒன்றும் வாங்கியாயிற்று. துவைகல்லின் குழி இப்போது கறுப்புக் கத்திக்கும் அரிவாளுக்கும் மட்டும்.